செகரட்டரி எடுத்த மாப்பிள்ளைகள்

கோரிப்பாளையத்தில் எனக்குத் தையல் கடை. தர்காவுக்குப் போகிற வழியில் ஒரே ஒரு மெஷினை வைத்து நடத்திய கடை. ஆனால் என்னைத் தையல்காரன் என்று யாரும் அடையாளம் சொல்ல மாட்டார்கள். ஃபுட்பால் பார்க்கப் போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வருகிற ஆள் என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. எங்கள் டீமுக்குச் சட்டையும் அரை டிராயரும் தைத்துக் கொடுத்தவன் நான். அந்த டீம் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு இல்லாத உரிமை வேறு யாருக்கு?

ரெண்டாவது உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. அப்போது மதுரையில் மில்லுக்கு ஒரு டீம், போலீசுக்கு ஒரு டீம், ரயில்வேக்கு ஒரு டீம் இருந்தன. எங்கள் பேட்டைக்கும் ஒன்று இருந்தது. அவர்களுக்குப் பின்னால் கம்பெனியும் சர்க்காரும். எங்களுக்குப் பின்னால் ஒரு தோல் மண்டி. அந்த மண்டிக்காரர்தான் செகரட்டரி. பந்து வாங்குவது, ஆள் எடுப்பது, யார் எந்த இடத்தில் ஆடுவது எல்லாம் அவர் முடிவு. கமிட்டி என்று ஒன்றும் இருந்தது. அது டீ குடிக்கக் கூடும், குடித்ததும் கலைந்துவிடும்.

எங்கள் டீமுக்கு ஒரு சாபக்கேடு உண்டு. வைகை மணலில் காலை ஊன்றி ஊன்றி ஆடிப் பழகி, ஓர் ஆள் கொஞ்சம் தேறி வந்தால் போதும், மில்லுக்காரர்கள் வேலை கொடுத்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். கோடையில் நடக்கிற கோப்பைப் பந்தயத்தில் ஒரு வருஷம் மில்லும் நாங்களும் ஃபைனலுக்கு வந்தோம். எங்கள் வலைக்குள் விழுந்த கோல் ஒவ்வொன்றும் கோரிப்பாளையத்தில் பிறந்து வளர்ந்த காலால் அடித்தது. பார்க்க வந்தவர்களுக்கு அழுவதா, நம் ஆள் அடித்தான் என்று பெருமைப்படுவதா என்றே தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் செகரட்டரி எங்களை மண்டிக்குக் கூப்பிட்டார். உப்புப் போட்ட தோல் அடுக்குகளுக்கு நடுவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் திட்டத்தைச் சொன்னார்.

"இனிமே ஆட்டக்காரனை எடுக்குறதில்ல. மாப்பிள்ளைதான் எடுக்குறது."

யாருக்கும் புரியவில்லை. அவரே விளக்கினார். வெளியூரில் கல்யாணமாகாத நல்ல ஆட்டக்காரனைப் பார்ப்பது, அவனுக்கு நம் பேட்டையில் பெண் கொடுப்பது, மண்டியில் ஒரு வேலையும் போட்டு இங்கேயே குடிவைத்துவிடுவது. சம்பளத்துக்கு வந்தவன் கூடுதல் சம்பளம் கிடைத்தால் போய்விடுவான். மாமியார் வீட்டை ஆற்றுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் போய் எவனாவது நமக்கு எதிராக ஆடுவானா?

"அஞ்சு வருசம் பொறுங்க. பதினோரு மாப்ளையும் இறங்கி நிப்பாங்க. அப்ப பாருங்க மில்லுக்காரன் முகத்தை."

கமிட்டி தலையாட்டியது. நான் ஆட்டவில்லை.

"அண்ணே, நாளைக்கு ஒருத்தன் ஆட்டம் சரியில்லைன்னா அவனை எப்படி நிறுத்துவீங்க? பொண்ணைத் திருப்பி வாங்கிக்கிருவீங்களா?" என்று கேட்டேன்.

"நீ பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற வேலையப் பாரு தம்பி" என்றார்.

முதலில் வந்தவன் திண்டுக்கல்லைச் சேர்ந்த லெஃப்ட் அவுட், இடது ஓரமாக முன்னேறிப் போய் ஆடுகிறவன். ஒல்லியான உடம்பு, மண்ணில் கால் பாவாத ஓட்டம். அவன் ஓடுவதைப் பார்த்த அன்று நான்கூட வாயை மூடிக்கொண்டேன். தன் மைத்துனர் மகளையே அவனுக்குக் கொடுத்தார் செகரட்டரி. ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. அதற்கு மறுநாளிலிருந்துதான் பிடித்தது வினை.

புது மாப்பிள்ளை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்து வைக்காமல் விடுவார்களா? பெண்ணின் சித்தப்பா வீட்டில் ஒரு நாள், பெரியம்மா வீட்டில் ஒரு நாள், பெரியம்மாவின் சம்பந்தி வீட்டில் ஒரு நாள். காலையில் இடியாப்பமும் பாயாவும், மத்தியானம் பிரியாணி, ராத்திரிக்கு நெய்ச்சோறும் குருமாவும். அவன் வேண்டாம் என்றால் மாமியார் கோபித்துக்கொள்வார். புது டிராயர் தைக்க அளவெடுக்க வந்தபோது என் நாடா அவன் இடுப்பைச் சுற்றி வர முன்னைவிட ஒரு சாண் கூடுதலாகக் கேட்டது. ஒரு சாண் என்றால் சும்மாவா? கோல் கம்பம் வரைக்கும் பறந்து போகிறவன், அந்த சீசனில் பாதி மைதானத்திலேயே நின்று பெருமூச்சு விட்டான். நான் நாடாவை எடுத்துக்கொண்டு நேரே மண்டிக்குப் போய் அளவைக் காட்டினேன். செகரட்டரி அதைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான கவனிக்கிறாங்க" என்று சந்தோஷப்பட்டார்.

கோல் கீப்பர் உசிலம்பட்டிக்காரர். சந்தையில் மாடு பிடிக்கப் போனபோது செகரட்டரி கண்ணில் பட்டவர். அவர் வேறு மதம், எங்கள் வீடுகளில் பெண் கொடுக்க முடியாதே, இந்த இடத்தில் திட்டம் முறியும் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அதுவும் நடக்கவில்லை. செகரட்டரி தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு, அடுத்த தெருவில் அவர்கள் ஆட்கள் இருக்கிற வீட்டுக்குத் தானே போய்ப் பேசி முடித்துவிட்டார். கல்யாணத்தில் நாங்கள் எல்லோரும் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மைதானத்து ஓரத்தில் நின்று நாங்கள் கத்துவதற்கே வேட்டு வைத்தாயிற்று. முன்பெல்லாம் எவன் தப்பாக ஆடினாலும் அவன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டலாம். இப்போது பக்கத்தில் மாமனார் குடையோடு நிற்கிறார். ஒரு நாள் லெஃப்ட் அவுட்டைப் பார்த்து, "ஓடுடா" என்று கத்திவிட்டேன். குடை என் பக்கம் திரும்பியது.

"யாரது, எங்க மருமகனை டா போட்டது?"

அன்றிலிருந்து மரியாதையாகத்தான் கத்த வேண்டியதாயிற்று. "மாப்ள, கொஞ்சம் வெரசா ஓடுங்க மாப்ள, பந்து உங்க இடது பக்கம் வருது பாருங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து கோட்டைத் தாண்டி வெளியே போயிருக்கும். இப்படி ஒரு டீமைப் பார்க்கிறதுக்கு மெஷின் மிதிப்பது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் அடுத்த ஆட்டத்துக்கு சாயங்கால அஸர் தொழுகை முடிந்த கையோடு முதல் ஆளாகப் போய் நிற்பதும் நான்தான்.

இப்படி ஒவ்வொருத்தராக மாப்பிள்ளையாகிவிட, அந்த டீமில் நான் பயமில்லாமல் திட்டுவதற்கு மிச்சமிருந்த ஒரே ஆள் ரைட் பேக், பின்வரிசையில் வலது பக்கம் காவல் நிற்கிறவர். ஒத்தக்கடைக்காரர். அங்கே வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிற பட்டறையில் வேலை செய்துகொண்டு, ஆட்டத்துக்கு மட்டும் நடந்து வந்து போய்க்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லாதவர், கல்யாணமும் ஆகவில்லை. ஆகவே அவருக்காகக் குடை பிடிக்க யாரும் இல்லை. மற்றவர்களைத் திட்ட முடியாததையெல்லாம் சேர்த்து நான் அவர் தலையிலேயே கொட்டினேன். சும்மாவும் திட்டவில்லை. ஆள் தன் இடத்தை விட்டு நகரவே மாட்டார். முன்னால் வருகிறவன் உடம்பை எப்படி நெளித்தாலும் இவர் பந்தையே பார்த்துக்கொண்டு நட்டு வைத்த கல்லாக நிற்பார். மோதி எவனாவது விழுந்தால், பந்தை அடிக்கப் போகாமல் குனிந்து கைகொடுத்துத் தூக்கி விடுவார். ரெஃப்ரி அநியாயமாக விசில் ஊதினாலும் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

ராத்திரி வீட்டுக்குப் போனால் சோற்றில் கை வைக்கும்போதே அவரைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன். அம்மா பாதியில் எழுந்து போய்விடுவார். என் தங்கச்சி மட்டும் விளக்கடியில் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருக்கும். அத்தா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு அதற்கு எல்லாம் நான்தான். நல்ல இடம் ஒன்று பார்த்துக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்போது எனக்கு இருந்த ஒரே பெரிய கவலை. ஃபுட்பால் அடுத்த கவலைதான்.

ஒரு சாயங்காலம் செகரட்டரி என் கடைக்கு வந்தார். டிராயர் விஷயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒத்தக்கடைக்காரருக்கு என் தங்கச்சியைக் கேட்டார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"அண்ணே, போலீஸ் டீம்காரன் அந்த ஆளை இழுக்கப் பாக்குறான்னு எனக்கும் தெரியும். உங்க ரைட் பேக் ஓடிறக் கூடாதுங்கிறதுக்கு என் தங்கச்சியை முளைக்குச்சியா அடிக்கப் பாக்குறீங்களா?"

"ஆளு நல்ல ஆளு தம்பி. உன்னயத் தவிர அம்புட்டுப் பேரும் அதத்தான் சொல்றாங்க."

"எனக்குத் தெரிஞ்சு அந்த ஆளை எடுத்ததே தப்பு. அதுல என் வீட்டையும் சேக்காதீங்க."

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் நேரே என் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் போயிருக்கிறார். நான் வீட்டுக்குப் போனபோது அம்மா பாதி சம்மதத்தோடு உட்கார்ந்திருந்தார். பெண்ணைக் கொடுப்பதற்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னையே கேட்டார். நான் முடியவே முடியாது என்றேன். ஒத்தக்கடைக்காரருடைய ஆட்டத்தில் உள்ள குறைகளை ஒன்றுவிடாமல் மறுபடியும் சொன்னேன். காஜா எடுத்துக்கொண்டிருந்த தங்கச்சி ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தது.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு."

"ஒரு வருசமா நீங்க அவரைத் திட்டுறதக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். இடத்த விட்டு நகர மாட்டாருன்னீங்க. விழுந்தவனைத் தூக்கி விடுவாருன்னீங்க. வாயே திறக்க மாட்டாருன்னீங்க. கோல் விழுந்தாலும் அடுத்தவன் மேல பழி போடாம பேசாமப் போயி நிப்பாருன்னு நேத்துக்கூடச் சொன்னீங்க. நீங்க இம்புட்டுத் திட்டியும் ஒரு கெட்டது என் காதுல விழலையே."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

"ஆட்டத்துக்கு அதெல்லாம் ஆகாதுத்தா" என்றேன்.

"ஆட்டத்துக்கு உங்க செகரட்டரி பாத்துக்கிருவாரு. எனக்குச் சரிண்ணே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் காஜா எடுக்கத் தொடங்கியது.

நிக்காஹ் அன்று சாட்சிகளோடு போய்ப் பெண்ணிடம் சம்மதம் கேட்டபோது தயங்காமல் சம்மதம் சொன்னது என்று வந்து சொன்னார்கள். நான் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து, கைகொடுத்து முஸாபஹா செய்தேன். ஒரு வருஷமாகத் தன்னை யார் திட்டினார்கள் என்று தெரியாதவர்போல் அவர், "இருக்கட்டும் மச்சான்" என்று மட்டும் சொன்னார். எதை இருக்கட்டும் என்றார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

திட்டப்படி அவர் பட்டறையை விட்டுவிட்டு மண்டியில் தோலுக்கு உப்புத் தேய்க்கிற வேலைக்கு வந்தார். எங்கள் தெருவிலேயே ஒற்றை அறை வீடு. விருந்து எவ்வளவு வைத்தும் அவர் உடம்பு ஏறவில்லை என்பதை நாடாவை வைத்துப் பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்த சீசனில் எங்கள் பின்வரிசை முதல் தடவையாக நிலைத்து நின்றது. செகரட்டரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் மீசையைத் தடவுவார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

ஒரு நாள் தங்கச்சி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மாப்பிள்ளையின் கையைப் பார்த்தேன். உப்பு தின்று விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டார். தங்கச்சி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தது. அதன் முகம் வாடியிருந்தது. அப்போதுதான், மில்லிலிருந்து ஃபிட்டர் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற சேதியே எனக்குத் தெரிந்தது. குடியிருக்க வீடும் தருவார்களாம். இரும்பு வேலை அவருக்குக் கைவந்த வேலை. அவர் வரவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"ஏன் மாப்ள?"

"செகரட்டரிக்கு வாக்குக் குடுத்திருக்கேன் மச்சான். பேட்டைக்கு மாப்பிள்ளையா வந்துட்டு எதிர்ல போயி நிக்கிறது அழகில்ல."

மூன்று வருஷமாக அந்தத் திட்டம் தேறாது என்று கத்திக்கொண்டிருந்தவன் நான். அது தேறிவிட்டதை என் தங்கச்சி வீட்டில் வைத்துத்தான் பார்த்தேன். அப்படியே எழுந்து கைகழுவிக்கொண்டு மண்டிக்குப் போனேன்.

"அண்ணே, அவரை விட்டுருங்க."

செகரட்டரிக்கு முன்னமே விஷயம் தெரிந்திருந்தது. "ஃபைனல்ல நமக்கு எதிரா வர்ற மில்லுக்காரனுக்கு நம்ம ரைட் பேக்கையே தூக்கிக் குடுக்கச் சொல்றியா? நீயா?" என்றார்.

"நான்தான்."

"எம்புட்டு வருசமா ஆட்டம் பாக்குற. உனக்கு டீமு வேணாமா?"

"வேணும்ணே. அதுக்கு மேல தங்கச்சி வேணும். அவரு கையப் பாத்தீங்களா?"

அவர் தோல் அடுக்குப் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவரு வாக்கை அவருக்கே திருப்பிக் குடுத்துட்டேன்னு சொல்லு. எங்கிட்ட இனி பேச வேணாம்னும் நீ தெரிஞ்சுக்க" என்றார். நான் போய்ச் சொன்னேன். அந்த வாரமே தங்கச்சியும் மாப்பிள்ளையும் ஆற்றைக் கடந்து மில் வீட்டுக்குக் குடி போனார்கள். பாத்திரம் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் நானும் பாலம் வரைக்கும் நடந்தேன். டீமுக்குச் சட்டை தைக்கிற வேலை வேறு கடைக்குப் போய்விட்டது. பேட்டையில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த முறை தங்கச்சியைப் பார்த்தபோது அதன் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. போதும் என்று இருந்தது.

கோடையில் மறுபடியும் மில்லும் நாங்களும்தான் ஃபைனல். எனக்கு வேறு இடம் தெரியாததால் எங்கள் பக்கத்தில் பழைய இடத்திலேயே போய் நின்றேன். கூட்ட நெரிசலில் செகரட்டரி எனக்குப் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டார். இரண்டு பேரும் எதிரே பார்த்துக்கொண்டு நின்றோம். மாப்பிள்ளை மில்லின் நீலச் சட்டையில், பழக்கமில்லாத பூட்ஸை மாட்டிக்கொண்டு, தாரா வாத்தாட்டம் நடந்து வந்து தன் இடத்தில் நின்றார். எங்கள் கூட்டம் கூச்சல் போட்டது. வாய் கூசாமல் திட்டினார்கள். இப்போது அவருக்குக் குடை பிடிக்க வேண்டியவன் நான்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மில் ஒரு கோல் முந்தியிருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரம். விருந்தெல்லாம் ஓய்ந்து பழைய உடம்புக்குத் திரும்பியிருந்த லெஃப்ட் அவுட், ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தான். ஒருவனைக் கடந்தான், இன்னொருவனைக் கடந்தான். எதிரே மாப்பிள்ளை மட்டும்தான். பேட்டை முழுக்க எம்பி நின்றது, நானும்தான். லெஃப்ட் அவுட் இந்தப் பக்கம் நெளிந்தான், அந்தப் பக்கம் நெளிந்தான். மாப்பிள்ளை அசையவில்லை. பந்து அவன் காலை விட்டு அரை அடி விலகிய நேரம் பார்த்துக் காலை நீட்டி அதை எடுத்துக்கொண்டார். லெஃப்ட் அவுட் தடுமாறி விழுந்தான். பந்தை நெடுந்தூரம் உதைத்து அனுப்பிவிட்டு, மாப்பிள்ளை குனிந்து அவனுக்குக் கைகொடுத்தார்.

"சபாஷ் மாப்ள."

என் வாயிலிருந்துதான் வந்தது. முன்னால் நின்ற தலைகள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. யாராவது சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். அப்போது பக்கத்தில் கைதட்டுகிற சத்தம் கேட்டது. செகரட்டரி. பார்வையை மைதானத்தை விட்டு எடுக்காமல், உப்பில் தடித்த உள்ளங்கைகளால் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். அவர் தட்டுவதைப் பார்த்து ஒருவர் இருவராக மற்றவர்களும் தட்டினார்கள். கோப்பை எங்கள் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கொண்டுபோகிற ஆளுக்குக் கோரிப்பாளையமே கைதட்டியது.

"பாத்தியா" என்றார் செகரட்டரி. பல மாதங்களுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது. "நான் எடுத்த ஆளு."

அவர் எந்த ஆளை எடுத்தாலும் எதிர்த்துச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும். அன்று எவ்வளவு தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஆமாண்ணே" என்றேன்.